மனைக்கட்டு: காவிரிப் படுகையில் குடியிருக்கும் உரிமையின் கதை

"சாருக்குச் சொந்த ஊரு எது?"

2019ஆம் ஆண்டு தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு புதிய நகரில் மனை பார்க்கப் போயிருந்தோம். 1,200 சதுர அடி, கிழக்குப் பார்த்த மனை. பிடித்திருந்தது. 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ரசீதில் முகவரி எழுதும்போதுதான் தரகர் இதைக் கேட்டார். மன்னார்குடிப் பக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அப்படியா, நல்ல ஊராச்சே. அங்க எந்தத் தெரு?" என்றார். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வியை விளக்க வேண்டியதில்லை. இங்கே தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதாக அர்த்தம். அக்கிரகாரமா, மேலத்தெருவா, காலனியா? "காலனிங்க" என்றேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தொழில் தெரிந்த மனுஷன். நாலு நாள் கழித்து முன்பணம் திரும்பி வந்தது. "ஓனரு மனசு மாறிட்டாரு சார்."

இதை என் சொந்தக் குறையாக எழுத வரவில்லை. என் துணைவியார் அரசுச் செவிலியர். கடன் வாங்கும் தகுதி எங்களுக்கு இருந்தது. சம்பளமும் கடனும் உள்ளவனுக்கே இந்த நிலை என்றால், அண்டை வீட்டு நெல்லை நம்பிக் குடிசையில் கிடந்த என் பாட்டன் எந்த மண்ணில் படுத்தான் என்ற கேள்வி எனக்கு அன்றுதான் உறைத்தது. காவிரியின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கோயில்களின் வரலாறு மேலும் மேலும் எழுதப்படுகிறது. அந்த வயலை உழுது நட்டு அறுத்தவன் இரவில் தலைசாய்த்த மண் யார் பெயரில் இருந்தது என்பது அதே அளவுக்குப் பேசப்பட வேண்டிய வரலாறு. தரகர் கேட்ட கேள்விக்கு வயது ஆயிரம் வருஷம்.

சேரி

சேரி என்ற சொல் பிறக்கும்போதே இழிசொல்லாகப் பிறக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி. சங்க இலக்கியத்தில் அது எல்லாருடைய குடியிருப்புக்கும் பொதுப்பெயர். சோழர் காலத்துப் பிரமதேயங்களிலேயே பார்ப்பனர் குடியிருந்த பகுதிகளுக்குச் சேரி என்றுதான் பெயர். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு இது தெரியும். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதைச் சொன்ன பேராசிரியர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல் எப்போது நம் ஒருவர் தலையில் மட்டும் வந்து விழுந்தது என்பதைச் சொல்லவில்லை.

அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1010 வாக்கில் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரையே படித்தால் போதும். கோயிலுக்கு ராசராசன் கொடுத்த ஊர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் இறையிலியாக, அதாவது வரி இல்லாமல் கழிக்கப்பட்ட நிலங்கள் எவை என்றும் எழுதியிருக்கிறது. ஊர் நத்தம், குளம், ஊடே ஓடும் வாய்க்கால், சுடுகாடு, இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் நத்தம் வேறாகவும் சேரி வேறாகவும் அளக்கப்பட்டுவிட்டது. வரி கிடையாது என்பதைச் சலுகை என்று சிலர் எழுதுகிறார்கள். சுடுகாட்டுக்கும்தான் வரி கிடையாது.

சேக்கிழார் பாடிய நந்தனாரின் ஆதனூர்ப் புலைப்பாடியில், சுரைக்கொடி படர்ந்த பழைய கூரைகள் இருக்கின்றன. நந்தன் உண்பதற்கு ஊரார் விட்ட நிலத்துக்குப் 'பறைத்துடவை' என்று பெயர். அது தொழிலுக்காக விடப்பட்ட நிலம். தொழில் நின்றால் நிலமும் இல்லை. இந்தக் கணக்கு அப்படியே மிராசு காலத்துக்கு வந்து சேர்ந்தது.

மனைக்கட்டு

மிராசுதாருக்கு வயல் மட்டும் சொந்தமில்லை. சேரி இருந்த மண்ணும் அவருக்கே சொந்தம். பண்ணையாள் மூங்கிலும் கீற்றும் வைத்துத் தானே கட்டிய குடிசை அவனுடையது, அது நிற்கும் மனைக்கட்டு ஆண்டையுடையது. இதை வெறும் வாடகையில்லா வீடு என்று நினைத்துவிடக் கூடாது. கூலி போதவில்லை என்று ஒருவன் வேறு பண்ணைக்குப் போனால் அன்றைக்கே குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளும் அந்த மனைக்கட்டுக்காக ஆண்டை வீட்டு வேலைக்குப் போக வேண்டும். அடிமை முறையை ஆங்கிலேயர் 1843லேயே சட்டத்தில் ஒழித்தார்கள். ஆனால் ஆளைக் கட்டிப்போட விலங்கு எதற்கு, அவன் காலுக்குக் கீழே உள்ள மண் போதுமே.

இதை வெள்ளைக்கார அதிகாரிகளில் சிலர் பார்த்திருக்கிறார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை நமக்குப் பஞ்சமி நிலத்தின் மூலமாகத் தெரிந்த ஒன்று. 1892இல் வந்த அரசாணையின்படி நிலம் ஒதுக்கப்பட்டதையும், அது பின்னால் பறிபோனதையும் நாம் பேசுகிறோம். அந்த அறிக்கையில் வீட்டு மனையும் ஒரு பிரச்சினையாக இருந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை வந்த பிறகுதான் அரசு, மனைக்கான நிலத்தை எடுத்துச் சேரி மக்களிடம் தவணைக்கு விற்கத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கம் வைத்து, கூலிக்காரர்களிடம் பணத்தைச் சிறுகச் சிறுக வசூலித்தார்கள். நம் ஆட்கள் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவது ஏதோ இன்றைக்கு வந்த பழக்கமில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே, தாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடத்துக்கே விலை கொடுத்தவர்கள் நாம்.

என் அப்பாயி 2011இல் இறந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஒங்க தாத்தா சங்கத்துல சேந்துட்டாருன்னு காரியக்காரன் வந்து நின்னான். 'ஆண்டை மனையில குந்திக்கிட்டு ஆண்டைக்கே கொடி புடிக்கிறியா'ன்னான். ஆளுங்கள வுட்டுக் கூரையப் புடுங்கிப் போட்டான். சட்டி பானையெல்லாம் வெளிய. எங்க போறது? வாய்க்கா மேட்டுல நாலு கம்ப நட்டு, மூணு மாசம் கெடந்தோம். மழை வேற. ஒங்க அத்தை அப்பக் கைக்கொழந்தை. நாம குந்தியிருந்த மண்ணு நம்மளது இல்லடா தம்பி. அத அன்னிக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்."

இது 1950களின் தொடக்கத்தில் நடந்தது. அந்தச் சங்கம் பி. சீனிவாசராவ் முதலானோர் 1940களில் கட்டிய விவசாயிகள் சங்கம். கன்னட நாட்டிலிருந்து வந்த பார்ப்பனர் அவர். சேரியில் தங்கி, சேரியில் சாப்பிட்டு, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டினார். களப்பால் குப்பு போன்ற நம் தோழர்கள் முன்னால் நின்றார்கள். அந்தப் போராட்டத்தின் வேகத்தில்தான் 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாளே வேண்டாம், தினக்கூலி போதும் என்று ஆட்களைக் கழற்றிவிட்டார்கள். பண்ணையாளாக இல்லாதவனுக்கு மனைக்கட்டு எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற பாதுகாப்புக்கு 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, நாகை வட்டாரத்தில், அடிக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வுக்காகவும் செங்கொடிக்காகவும் நடந்த கொலை என்று சரியாகவே சொல்கிறோம். நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அந்த 44 பேரும் ஓடி ஒளிய ஒரு கல் சுவர் அந்தத் தெருவில் இல்லை. நிலமே தனக்கில்லை என்றால் எவன் கல்லும் காறையும் வைத்துக் கட்டுவான்? பிரித்துக்கொண்டு போகத் தோதாகத்தானே கட்டுவான். கூரையும் தட்டியும்தான் மிஞ்சும், நெருப்புக்கு அதுதான் வசதி. 1970இல் கீழ்நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் தண்டித்தது. உயர் நீதிமன்றமோ, அவ்வளவு பெரிய மிராசுதார்கள் தாங்களே நேரில் போய் இதைச் செய்திருப்பார்களா என்ற பொருளில் ஐயப்பட்டு விடுதலை செய்தது.

அதே 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், அமெரிக்காவில் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அங்கே கறுப்பு மக்கள் புறநகரில் வீடு வாங்கும் உரிமை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே நாம் குடிசை நிற்கும் மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒரே கேள்விதான்: யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கலாம்?

வெண்மணிக்குப் பிறகு 1969இல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. 1971இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமாயிற்று. தஞ்சைச் சேரிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காகிதம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. எங்களுக்கு மூன்று சென்ட் வந்தது. பழைய கணக்கில் ஒன்பது குழி. ஒரு வேலிக்கு இரண்டாயிரம் குழி. வேலி வேலியாக நட்ட குடும்பத்துக்கு ஒன்பது குழி. அப்பாயி அந்தப் பட்டாவைத் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறம் போய் நிற்கவில்லை. "வரமாட்டேன்னு சொல்ற வாயி அந்தப் பட்டா வந்தப்பறந்தான் வந்திச்சி" என்பார்.

காலனி

சேரியில் பிள்ளைகள் பெருகினார்கள், ஒன்பது குழி போதவில்லை. அரசு நிலம் எடுத்து வீட்டுமனைப் பட்டா தர வேண்டியிருந்தது. பழைய நில எடுப்புச் சட்டத்தின் கீழ் நிலக்காரர்கள் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் இழுத்தார்கள். அதற்காகவே 1978இல் ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச்சட்டம் போடப்பட்டது. அதையும் எதிர்த்து வழக்கு. உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 1994இல், இழப்பீட்டைத் தவணையில் தரும் பகுதியை நீக்கிவிட்டுச் சட்டம் செல்லும் என்றது. பதினாறு வருஷம். நாலு சென்ட் மண் நமக்குப் போகக் கூடாது என்பதற்காக உச்ச நீதிமன்றம் வரை போன வன்மத்தை என்னவென்பது?

இப்படி வந்த மனைகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன என்று பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். ஊருக்கு வெளியே, சுடுகாட்டுக்குப் போகும் வழியில், ஆற்றோரத்தில், வயலுக்குச் சமமான தாழ்வில். மழை பெய்தால் முதலில் தண்ணீர் வருவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் காலனியில் ஓட்டு வீடும் கூரை வீடும் ஒன்றாகத் தரையோடு போயின. அரசுத் தொகுப்பு வீட்டின் ஒற்றை அறையில் ஆறு குடும்பம் நாலு நாள் நின்றுகொண்டே தூங்கியது.

பெயர் மட்டும் மாறியது. சேரி காலனி ஆயிற்று. காலனி என்பது நகரத்தில் கௌரவமான சொல். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையில் முனிசிபல் காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவரை யாரும் 'காலனிக்காரன்' என்று ஏசமாட்டார்கள். அதே சொல் ஊரில் நம்மேல் ஒட்டியதும் வசைச்சொல்லாகிவிட்டது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் சேரி என்ற பொதுச்சொல்லுக்கு நடந்ததையும் காலனி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நடந்ததையும் பார்த்தவர்கள், அடுத்து வைக்கப்போகும் பெயருக்கும் அது நடக்காமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்று கேட்க வேண்டும். பலகையையா, இருக்கும் இடத்தையா?

நகர்

தஞ்சாவூருக்கு வடக்கே ஆறும் நஞ்சையும். தெற்கேயும் மேற்கேயும் கல்லணைக் கால்வாய்க்கு அப்பால் செம்மண் மேடு. 1959இல் மருத்துவக் கல்லூரி, 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று ஊர் அந்த மேட்டுப் பக்கமே வளர்ந்தது. கடலையும் முந்திரியும் விளைந்த புஞ்சையில் கல் நட்டு நகர் போட்டார்கள். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் வாங்கினார்கள். இட ஒதுக்கீட்டில் படித்து வேலைக்கு வந்த நம் ஆட்களும் வாங்க வந்தார்கள்.

இங்கே சாதி வேலைசெய்யும் முறையைச் சொல்ல வேண்டும். விளம்பரத்தட்டியில் சாதி இருக்காது. சாமி பெயர், பேருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிஷம், குடிநீர், அங்கீகாரம் இதெல்லாம் இருக்கும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்ய 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டு, 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகு எல்லாரும் அதைத்தான் விசாரிக்கிறார்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் பார்த்தால் போதும் என்று வக்கீல் சொல்வார். வாங்குகிறவன் நம் ஆளாக இருந்தால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. "நம்ம ஆளுங்கதான் இருக்காங்க, அமைதியான ஏரியா" என்று தரகர் மற்றவர்களிடம் சொல்லும் அந்த வாக்கியம்தான் அது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது, தன் 4ஆம் பிரிவில் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையும் வாங்குவதையும் குடியிருப்பதையும் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. அமெரிக்கச் சட்டத்துக்குப் பதின்மூன்று வருஷம் மூத்த சட்டம். ஆனால் "ஓனரு மனசு மாறிட்டாரு" என்பவர்மேல் எந்தக் காவல் நிலையத்தில் போய் வழக்குப் போடுவது? 2005இல் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினராகத் தன் சமூகத்தாரை மட்டும் சேர்க்கும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 1917இல் பரோடாவில் பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கிய அம்பேத்கரைப் பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றியதை நினைக்காமல் அந்தத் தீர்ப்பை நாம் படிக்க முடியாது. பின்னாளில் அவர் மும்பை தாதரில் தனக்கென்று கட்டிய ராஜகிருகம் இருப்பது இந்து காலனி என்ற இடத்தில். புத்தகங்களுக்காகக் கட்டிய வீடு அது.

மறுபடியும் எங்கள் கதைக்கு வருகிறேன். முன்பணம் திரும்பிய பிறகு, 2020இல் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் மனையை நேரடியாக எங்களுக்கு விற்றார். ஆதார் எண் கேட்டார், தெருப் பெயர் கேட்கவில்லை. கடனுக்கு ஈடு குறைந்தது. ஊரில் இருக்கும் மூன்று சென்ட்டையும் அதில் அப்பா கட்டிய மாடி வீட்டையும் சேர்த்துக் காட்டலாம் என்று போனோம். மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார். கட்டடம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தயங்கி, "காலனி மனை சார். வெளியாள் வாங்க மாட்டாங்க. மதிப்புப் போட முடியாது" என்றார். நடுவே ஒரு வாய்க்கால் தாண்டி மேலத்தெருவில் அதே மூன்று சென்ட்டுக்கு விலை பல மடங்கு.

நான் சொல்ல வந்தது இதைத்தான். 1971இல் மண் நமக்குச் சொந்தமாயிற்று, விலை சொந்தமாகவில்லை. மற்றவன் தாத்தா மனை பேரனுக்கு முதலாகிறது. அதை விற்றும் அடமானம் வைத்தும் படிக்கவைக்கிறான், நகரில் வீடு கட்டுகிறான். நம் தாத்தா அடிவாங்கிச் சம்பாதித்த மனை, நம்மைத் தவிர வேறு யாரும் வாங்காததால் அங்கேயே கிடக்கிறது. நாம் நகருக்குப் போனால் விற்கமாட்டார்கள், நம் தெருவில் நாம் விற்றால் வாங்கமாட்டார்கள். பொருளாதாரம் முன்னேறினால் சாதி போய்விடும் என்கிறவர்கள் இந்த இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.

அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். மனையை விற்றுவிடலாம், வந்த விலைக்குத் தரலாம் என்று நான் அவசரப்பட்டபோது ஒத்துக்கொள்ளவில்லை. "அது காசில்லடா தம்பி. எங்கம்மா மூணு மாசம் வாய்க்கா மேட்டுல கெடந்ததுக்கு வந்த மண்ணு" என்றார். விற்கவில்லை. துணைவியாரின் நகை போனது.

2022இல் குடிபுகுந்தோம். கூடத்தில் அம்பேத்கர் படம் மாட்டுவதா, உள்ளறையில் மாட்டுவதா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மேடையில் பேசுகிறவன் தன் கூடத்துச் சுவரைப் பார்த்து யோசித்தான். கடைசியில் கதவைத் திறந்தால் தெரியும்படி கூடத்திலேயே மாட்டினோம். எதிர்வீட்டுக் கோலமும் பேச்சும் சில மாதம் சுருங்கி, பிறகு பாதி திரும்பியது. முதல் வாரம், வாசலில் கைலியோடு நின்ற அப்பாவிடம் பக்கத்து வீட்டம்மா, "கொத்தனாரு எப்ப வருவாரு?" என்று கேட்டார். "நான் வீட்டுக்காரம்மா" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் இரண்டு நாளில் ஊருக்குப் போய்விட்டார். "இங்க யார்ட்டப் பேசுறது?"

காலனியை விட்டு நகருக்குப் போவது நம் மக்களை விட்டு ஓடுவதா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கே குடியிருப்பது என்பதை நாமே தீர்மானிக்கும் உரிமைக்காகத்தான் தாத்தா கொடி பிடித்தார் என்று நான் பதில் சொல்கிறேன். காலனியில் இருப்பவன் தன் மனைக்கு நியாயமான விலை கேட்கவும், நகரில் வாங்க வந்தவன் தெருப் பெயர் சொல்லாமல் வாங்கவும் முடிய வேண்டும். இரண்டும் ஒரே போராட்டம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மனைப் பட்டா, தவணை ரசீது, நில எடுப்பு நோட்டீஸ் எது இருந்தாலும் பிரதி எடுங்கள். அதைப் பற்றிப் பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதுங்கள். முன்பணம் திரும்பி வந்தால் பேசாமல் வாங்கி வைக்காதீர்கள். தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர் எல்லாம் குறித்து வையுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.